ஒரு அந்தர் ஆள்

எண்பதுகளின் நடுவில் சாய்ந்தமருதுச் சந்தைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அபூசாலியின் கடை தெரிந்திருக்கும். கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நான்கு கம்பு, மேலே துருப்பிடித்த தகரம், கீழே குவித்துப் போட்ட தேங்காய், அவ்வளவுதான். தேங்காயோடு முட்டை, எலுமிச்சம்பழம், இளநீர். எல்லாமே எண்ணிக் கொடுக்கிற சாமான். யாராவது வந்து அரைக் கிலோ வெங்காயம் கேட்டால், "அங்கால கடையில வாங்குங்க" என்று கையைக் காட்டுவார். அடுத்த கடைக்காரன் வெங்காயத்திலேயே கல்வீடு கட்டிவிட்டான், இவர் இன்னும் தேங்காயோடு மல்லுக்கட்டுகிறார் என்று ஊரில் ஒரு கேலி இருந்தது. தராசு வாங்க வக்கில்லை என்று சிலர் நினைத்தார்கள். நிறுக்கத் தெரியாது என்று சிலர் நினைத்தார்கள். இரண்டும் பிழை. நிறுப்பதில் அவரை வெல்ல ஒரு காலத்தில் கல்முனைப் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை.

அந்தக் காலம் ஒன்றும் அதிக தூரத்தில் இல்லை. எண்பதாம் ஆண்டு. அப்போது அபூசாலிக்கு இருபத்துநாலு வயது. அவர் இவர் என்று யாரும் அழைக்காத வயது, ஆகவே நாமும் அவன் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

வயல் பக்கமாக இருந்த ஸைனுலாப்தீன் முதலாளியின் நெல்லு மில்லில் ஆறு வருடமாக அவன்தான் தராசுக்கு நிற்பவன். இறக்காமம், வரிப்பத்தான்சேனை என்று உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்து டிரக்டர் பெட்டியில் நெல் வரும். சாக்கைத் தராசின் பலகையில் ஏற்றுவான். இரும்புக் கையில் ஒரு குண்டைத் தொங்கவிடுவான். குண்டின் முகத்தில் 'அந்தர் 1' என்று பொறித்திருக்கும். ஒரு அந்தர் என்றால் நூற்றுப் பன்னிரண்டு றாத்தல். கை மட்டமாக நின்றதும் "ஒண்டு" என்று குரல் கொடுப்பான், அடுத்த சாக்கு ஏறும். குரல் கொடுத்தால் கொடுத்ததுதான். ஒரு றாத்தல் இப்படி அப்படி என்று எவரும் அவனிடம் கெஞ்ச முடியாது. முதலாளியின் சொந்த மச்சான் நெல் கொண்டுவந்தபோதும் அவன் அப்படித்தான் நிறுத்தான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

இன்னொரு பெருமையும் இருந்தது, அதை வெளியில் சொல்ல முடியாது. குத்துச்சண்டை. மில்லின் பின்பக்கம் உமிக் குவியலுக்கு மறைவில் ஒரு சாக்கில் உமியை அடைத்துத் தொங்கவிட்டு, வேலை முடிந்த பிறகு குத்திக்கொண்டிருப்பான். சொல்லிக்கொடுத்தவர் கல்முனை பஸ் டிப்போவில் வேலை செய்த செல்லத்தம்பி. ஒரு காலத்தில் கொழும்பில் மேடை ஏறியவர், மூக்கு அதற்குச் சாட்சி. அரைக் களிசான் மட்டும் போட்டு நாலு பேர் முன்னால் நின்று முகத்தில் குத்துப்படுவது எங்கள் பக்கத்தில் மரியாதையான காரியமாக எடுபடாது. அதனால் விஷயம் அவனுக்கும் செல்லத்தம்பிக்கும் மனைவி றாஹிலாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் மாசி மாதம் செல்லத்தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"தம்பி, கொழும்பில ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம் குத்துச்சண்டைக்கு ஆள் தேடுது. பங்குனியில புது ஆக்களுக்குப் போட்டி. வெண்டா நிரந்தர வேலை. பென்சன் வேலைடா!"

"மெய்யாவா அண்ணன்?"

"மெய்தான். ஆனா ஒரு சங்கடம் கிடக்கு. மத்த நிறைக்கெல்லாம் அவனுகளிட்ட ஆள் இருக்கு. பிளைவெயிட்டுக்கு மட்டும்தான் இல்ல. அம்பத்தொரு கிலோவுக்கு மேல ஒரு துளி ஏறப்படாது. ஒங்கட மில்லுக் கணக்கில சொன்னா, நீ சரியா ஒரு அந்தர் இருக்கோணும்."

அபூசாலி அன்றைக்கே, களம் வெறுமையானதும், தராசில் ஏறி நின்றான். நூற்று இருபத்தைந்து றாத்தல். கொழுப்பு என்று கிள்ளி எடுக்க உடம்பில் ஒரு இடம் இல்லை. பதின்மூன்று றாத்தலை எங்கிருந்து கழற்றுவது? மூன்று வாரம் இருந்தது. றாஹிலாவுக்கு ஏழு மாதம். பிறக்கப்போகிற பிள்ளை நாள்கூலிக்காரன் பிள்ளையாகப் பிறக்கக் கூடாது என்று அவன் தீர்மானித்துவிட்டான். அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது, மாதம் பிறந்தால் வருகிற சம்பளமும் யாருக்கும் கை கட்டாத உத்தியோகமும். அதற்கு நடுவில் நின்றது பதின்மூன்று றாத்தல் இறைச்சி.

சோற்றை விட்டான். காலையில் ஒரு அவித்த முட்டை, பொழுது பட்ட பிறகு ஒரு துண்டு மீன், நாலு மிடறு தண்ணீர். நெல் அவிக்கிற கொட்டிலில் ஆவி குமுறிக்கொண்டு கிளம்பும். உடம்பில் பொலித்தீனைச் சுற்றி, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பான். வியர்வை கால்வழியே ஓடும். கடைசி வாரத்தில் வியர்வையும் வற்றியபோது, மீன்கறிக்குப் புளிப்புக்காகப் போடுகிற கொறுக்காயில் ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை எல்லாம் துப்பிக்கொண்டே இருந்தான். துப்பினாலும் நிறை குறையும் என்பது செல்லத்தம்பியின் பாடம். தண்ணீர் குடிக்கிற மாட்டைப் பார்த்தால் அபூசாலிக்குப் பொறாமை வந்தது.

மில்லில் இருக்கிறவர்களுக்குக் கண் இல்லையா? பகல் சாப்பாட்டுக்கு வா என்றால் வருகிறானில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்குகிறானில்லை. நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வருகிறான். என்னடா என்று கேட்டார்கள். கொழும்பு வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால் முதலாளி அன்றைக்கே வேறு ஆளைத் தராசுக்கு நிறுத்திவிடுவார். அபூசாலி யோசிக்கவே இல்லை, வாயில் வந்ததைச் சொன்னான்.

"களா நோன்பு பிடிக்கிறன்."

ரமழானில் தவறிய நோன்பைப் பிறகு பிடிப்பது பொல்லாத காரியமா? அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் துப்புவதைப் பார்த்துவிட்டு, எச்சில்கூடத் தொண்டையில் இறங்கவிடாத நோன்பாளி என்று இன்னும் மதிப்புக் கூடியது. உமி அள்ளுகிறவர்கள் அவன் முன்னால் பீடி குடிப்பதை நிறுத்தினார்கள். மில்லுக்கு வந்த சனம் எங்களுக்காகவும் பிரார்த்தியுங்கள் என்று துஆக் கேட்டது. அவனுக்கு முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது, மூன்றாம் நாள் பழகிப்போனது. பொய்க்கு உள்ள வசதியே அதுதான்.

றாஹிலா மருதமுனைக்காரி, தறிக்கார வீட்டுப் பிள்ளை, பேச்சில் முடிச்சு இருக்காது. அவள் காதுக்கும் கதை வந்து சேர்ந்தது.

"இஞ்சருங்க, நோன்பெண்டா சொல்லித் திரியிறீங்க?"

"வேற என்னத்தச் சொல்ற?"

"பசியெண்டு சொல்லுங்க. வருத்தமெண்டு சொல்லுங்க. நோன்பெண்டு சொல்லாதீங்க. அது ஒங்கட சாமான் இல்ல."

"மூணு கிழமைதானே" என்றான். அவள் அவனுடைய முட்டையை உரித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கொழும்புக்குப் போக நாலு நாள் இருக்கும்போது வரிப்பத்தான்சேனையிலிருந்து அச்சிமுகம்மது நாற்பது சாக்கு நெல்லோடு வந்தார். ஐம்பது வயது மனிதர், எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர், சொந்த வயலில் சொந்தக் கையால் வெள்ளாமை செய்கிறவர். அந்தப் போகம் யானை பாதி வயலைத் துவைத்துவிட்டது, மிஞ்சியதுதான் அந்த நாற்பது. அபூசாலி ஒவ்வொன்றாக ஏற்றினான். ஒரு சாக்கிலும் கை மட்டத்துக்கு வரவில்லை. ஒரு சாக்கை அவிழ்த்து மற்றதற்கு ஊற்றி ஊற்றி நிரப்பி, கடைசியில் முப்பத்தெட்டரை அந்தர் என்றான்.

"தம்பி, மறுகா ஒருக்கா நிறு" என்றார் அச்சிமுகம்மது.

மறுபடி நிறுத்தான். அதே முப்பத்தெட்டரை.

"இது களத்தில மரைக்காலால அளந்து கட்டின நெல்லு. சாக்குக்கு ஒரு அந்தர். அளவு பிழைச்சா மொத்தத்தில ரெண்டு மூணு றாத்தல் பிழைக்கும். ஒண்டரை அந்தர் பிழைக்குமா? தராசுல என்னவோ இரிக்கி."

பசித்தவனுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அபூசாலியின் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. இந்தத் தராசில்தானே தினமும் இரண்டு வேளை ஏறி இறங்குகிறான்? இதை நம்பித்தானே உடம்பை உருக்குகிறான்? இதைப் பிழை என்று ஒருவர் சொன்னால் அவனால் தாங்க முடியுமா?

"காக்கா, ஆறு வருஷமா இந்தத் தராசுல நிக்கிறன். நோன்போட சொல்றன், வல்லாஹி, இதில ஒரு பிழையும் இல்ல!"

முதலாளி தன்னுடைய அறை யன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிமுகம்மது அபூசாலியின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, தம்பி. எழுதிக்கொள்ளச் சொல்லு" என்றார்.

கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் அபூசாலி கடைசியாகத் தராசில் ஏறினான். ஒரு அந்தர்க் குண்டைத் தொங்கவிட்டான். கை மட்டமாக நின்றது. மட்டத்துக்கும் கொஞ்சம் கீழேயே நின்றது, ஏறக்குறைய அரை றாத்தல் இடம் மிச்சம் இருந்தது. அவன் அந்த இரும்புக் கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அழுதாலும் கண்ணீர் வரவில்லை, உடம்பில் அவ்வளவுதான் ஈரம்.

மறுநாள் விடிய வெளிக்கிட்ட பஸ்ஸில் ஒரு துளி தண்ணீர் வாயில் வைக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், கொழும்பில் ஒரு மண்டபத்தின் பக்கத்து அறையில், முப்பது பேர் உள்ளுடுப்போடு வரிசையில் நின்றார்கள். அபூசாலியின் முறை வந்தது. ஏறினான். வெள்ளைச் சட்டை போட்ட உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஐம்பத்திரண்டு கிலோ இருநூறு" என்று சிங்களத்தில் சொன்னார்.

ஆயிரத்து இருநூறு கிராம் கூட. செல்லத்தம்பிக்கு முகம் செத்துப்போனது. உத்தியோகத்தர் நல்ல மனிதர், ஒரு மணித்தியாலம் தருகிறேன், குறைத்துக்கொண்டு வா என்றார். அபூசாலி இரண்டு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடினான். துள்ளினான். வாயில் விரலை விட்டு எச்சிலைத் தோண்டினான். நாலாவது சுற்றில் விழுந்தான், எழும்பி மறுபடி ஓடினான். ஒரு மணித்தியாலம் முடிந்து ஏறியபோது ஐம்பத்தொரு கிலோ தொள்ளாயிரம். பெயரை வெட்டிவிட்டார்கள்.

வெளியில் வந்ததும் செல்லத்தம்பி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எங்க தண்ணி குடிச்ச? பஸ்ஸிலயா, கக்கூசுக்க போயா? மெய்யச் சொல்லு!"

"குடிக்கல்ல அண்ணன். வல்லாஹி, ஒரு துளி குடிக்கல்ல."

"ஒண்ட வல்லாஹிய வெச்சிக்கொண்டு நான் என்ன செய்யிற? முந்தநாள் ஒரு அந்தர் எண்ட. இண்டைக்கு ரெண்டு றாத்தல் மேல. வானத்தில இருந்தா விழுந்தது?"

"இவங்கட தராசு பிழை."

"முப்பது பேர் ஏறின தராசு. ஒனக்கு மட்டும் பிழையா?"

செல்லத்தம்பி அதற்குப் பிறகு கல்முனை வரும்வரைக்கும் அவனோடு கதைக்கவில்லை. அபூசாலிக்கு வேலை போனது ஒரு பக்கம் வலித்தது, தன் சத்தியம் எடுபடாமல் போனது அதைவிட வலித்தது. பஸ் யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தான். தான் குடிக்கவில்லை, அது தனக்குத் தெரியும். கொழும்புத் தராசு முப்பது பேருக்குச் சரியாக இருந்தது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு தராசு. பஸ் அம்பாறை வயல்வெளிக்குள் இறங்கும்போது அவன் விரலை மடக்கி அச்சிமுகம்மதுவின் நாற்பது சாக்கையும் மறுபடி எண்ணத் தொடங்கினான்.

மில்லுக்கு முன்பக்கம் வீதியைப் பார்த்தபடி முதலாளியின் அரிசிக் கடை இருந்தது. நெல் வாங்குகிற தராசு களத்தில், அரிசி விற்கிற தராசு கடையில். ஏன் இரண்டு என்று ஆறு வருடத்தில் அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை. ஊர் வந்த மறுநாள் நேரே போய்க் கடைத் தராசில் ஏறினான். இரண்டு நாள் சோறு தின்ற உடம்பு, நூற்று இருபது றாத்தல் காட்டியது. இறங்கி, அதே காலோடு களத்துத் தராசுக்கு நடந்தான். நூற்றுப் பதினாறு. அந்தர்க் குண்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் ஈயம் ஊற்றிய ஒரு குழி. எல்லாக் குண்டிலும் அந்தக் குழி இருக்கும், ஆனால் இதில் ஈயம் நிரம்பி, மேலும் கட்டைவிரல் நகத்தளவு புடைத்துக்கொண்டு நின்றது. கையில் தொங்குகிற சின்னக் குண்டுதான் பலகையில் இருக்கிற பெரிய பாரத்துக்கு ஈடு, ஆகவே அந்தப் புடைப்புக்கு நாலு றாத்தல் நெல் கூடப் போட்டால்தான் கை மட்டமாகும். ஒரு நாளைக்கு நூறு தரம் தொட்ட குண்டு. ஒரு நாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

குண்டோடு முதலாளியின் அறைக்குப் போனான். ஸைனுலாப்தீன் முதலாளி பதறவில்லை.

"நெல்லு ஈரத்தோட வருது. காயக் காயக் குறையும். அந்தக் குறைவ நான் ஆருட்டக் கேக்கிற? ஒவ்வொருத்தனோடயும் கத்திக்கொண்டு நிக்க ஏலுமா? எல்லா மில்லிலயும் செய்யிற வேலைதான்."

"அச்சிமுகம்மது காக்காட நெல்லு நல்லாக் காஞ்ச நெல்லு, முதலாளி. நான் சத்தியம் பண்ணக்குள்ள நீங்க யன்னல்ல நிண்டு கேட்டுக்கொண்டுதானே இரிந்தீங்க?"

"நானா ஒன்னச் சத்தியம் பண்ணச் சொன்ன?"

முதலாளி குண்டை வாங்கி மேசையில் வைத்தார். புள்ளப்பெறுவுக்குக் காசு தேவைப்பட்டால் கேள் என்றார், நாளைக்குப் பத்து டிரக்டர் வருகுது, நேரத்தோடு வா என்றார்.

இந்த இடத்தில் அவன் குண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனான் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். அவன் போகவில்லை. மறுநாள் நேரத்தோடு வந்து தராசில் நின்றான். பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. கடன் இல்லாமல் பிறந்தது. அவன் சத்தியம் பண்ணுவதை மட்டும் விட்டுவிட்டான், யாரும் கேட்டால் "தராசப் பாருங்க" என்பான், அவ்வளவுதான். ரமழான் வந்தது, முப்பது நோன்பும் பிடித்தான், ஊரே நோன்பு பிடிக்கிற மாதத்தில் அவனை யார் கவனிக்கப்போகிறார்கள்? சிறுபோக நெல் வந்தது. அந்தப் போகத்தில் வரிப்பத்தான்சேனை டிரக்டர்கள் வழமையைவிடக் கூடுதலாக வந்தன, ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு சாக்குக்கும் நாலு றாத்தல் என்று மனது தானாகக் கணக்குப் பார்த்தது. கை தன் பாட்டுக்கு அந்தக் குண்டைத் தூக்கித் தொங்கவிட்டது. தெரியாமல் செய்த ஆறு வருடத்தைவிடத் தெரிந்து செய்த ஆறு மாதம் அவனுக்குப் பாரமாக இருந்தது. றாஹிலாவிடமும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருடம் முதலாளி ஹஜ்ஜுக்குப் போக முடிவெடுத்தார். போகிறவர்கள் போக முந்தி, பழகின ஆட்களின் வீட்டுக்கெல்லாம் போய்ப் பொருத்தம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையை மன்னித்து ஹலாலாக்கித் தாருங்கள் என்று கேட்பார்கள், மற்றவரும் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்து, ஹலால் என்று சொல்லி அனுப்புவார். கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன ஆளை யாரும் கண்டதில்லை. உள்ளே இருக்கிற ஊர்களில் வீடுகள் அவனுக்குத் தெரியும் என்பதால் முதலாளி அபூசாலியையும் காரில் ஏற்றிக்கொண்டார். வீடு வீடாக அதே வசனம், அதே அணைப்பு. இறக்காமத்தில் மட்டும் பதினாலு வீடு. அபூசாலி காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

வரிப்பத்தான்சேனையில் அச்சிமுகம்மது வயலிலிருந்து அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை நடந்திரிந்தா பொருத்திக்கொள்ளுங்க" என்றார் முதலாளி.

"அல்லாஹ்வுக்காகப் பொருத்திட்டன். எங்களுக்கும் அங்க துஆச் செய்யுங்க" என்றார் அச்சிமுகம்மது. உண்மையாகவே அழுதார் அந்த மனிதர்.

அபூசாலியால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதலாளி காரில் ஏறியதும், "நீங்க போங்க, நான் பஸ்ஸில வாறன்" என்றான். முதலாளி அவனை ஒரு தரம் பார்த்தார். விளங்கியிருக்க வேண்டும், கதவைச் சாத்தினார்.

அச்சிமுகம்மது அவனை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தார். அபூசாலி சுற்றி வளைக்கவில்லை.

"காக்கா, அந்தத் தராசு பிழை. குண்டுல ஈயம் இரிக்கி. அந்தருக்கு நாலு றாத்தல் போகுது. ஒங்கட நாப்பதும் நாப்பதுதான். மாரியில தெரியாமச் செஞ்சன். சிறுபோகத்தில தெரிஞ்சி செஞ்சன்."

அவன் அடியை எதிர்பார்த்தான். மேடை ஏறாத அவனுக்கு அந்த ஒரு அடியாவது விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நெல்லு என்ட, தம்பி. அத நான் விட்டன். ஹலால்" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "அண்டைக்கு நான் ஒண்ட சத்தியத்த நம்பல்ல. சத்தியம் ஆரும் பண்ணுவாங்க. ஒண்ட வாயத்தான் பாத்தன். உதடு வெடிச்சி, கண் உள்ளுக்குப் போய். நோன்போட இவ்வளவு பாரம் தூக்கிறவன் ஒருத்தன்ட நெல்லுல பொய் சொல்லுவானா எண்டு நெனச்சன். ஊரில வந்தும் சொன்னன். நிறுக்கிற பொடியன் நோன்பாளி, அங்க கொண்டு போங்க எண்டு. பதினொரு வீடு. என்ட சொல்லக் கேட்டுத்தான் சிறுபோகத்தில அவங்களும் அந்த மில்லுக்கு நெல்லக் கொண்டு வந்த."

டிரக்டர்கள் கூடுதலாக வந்த காரணம் அபூசாலிக்கு அப்போதுதான் விளங்கியது. எழும்பிப் போய்விடலாம். கேட்க வந்தது கிடைத்துவிட்டது, மிச்சத்தைச் சொல்லச் சொல்லி யாரும் அவனை நெருக்கவில்லை. நோன்பு பொய் என்பது உலகத்தில் றாஹிலாவையும் செல்லத்தம்பியையும் தவிர எவருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

"காக்கா" என்றான். "அது நோன்பில்ல."

"என்ன?"

"கொழும்பில குத்துச்சண்டைக்குப் போக நிறை குறைச்சன். சாப்பிடாமக் கிடந்தது அதுக்குத்தான். நோன்பெண்டு சும்மா சொன்னன்."

அச்சிமுகம்மதுவுக்கு விளங்க நேரம் எடுத்தது. "நிறையக் குறைக்கிறதா? ஆட்டக்கூட நிறை ஏத்தித்தானே விக்கிறாங்க?" என்று கேட்டார். அபூசாலி எல்லாவற்றையும் சொன்னான், கொறுக்காய் கடித்ததையும், மற்றவர்கள் அவனிடம் துஆக் கேட்டதையும் சேர்த்து. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டு போனது. நெல்லைச் சொன்னபோது வராத கோபம் இப்போது வந்தது.

"நெல்லு என்ட, விட்டன்" என்றார் கடைசியில். "நோன்பு என்ட இல்லியே தம்பி, நான் எப்பிடி விடுற? அதை நீ கேக்க வேண்டிய இடம் வேற."

அவர் எழும்பினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழும்பு. பதினொரு வீடு இரிக்கி. என்ட வாயக் கேட்டு ஏமாந்தவங்க. நானும் வாறன்."

முதல் வீடு ஹவ்வா உம்மாவுடையது. புருசன் மௌத்தான பிறகு இரண்டு ஏக்கரைத் தனியாகப் பார்க்கிற பெண். மாவு பிசைந்த கையோடு வாசலுக்கு வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அச்சிமுகம்மது ஸலாம் சொல்லி, இவன் மில்லில் தராசுக்கு நிற்கிற பொடியன், ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்றார்.

ஹவ்வா உம்மாவின் முகம் மலர்ந்தது.

"நோன்போட நிண்டு நிறுத்த பிள்ளையா? வாங்க மகன், உள்ளுக்கு வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

அபூசாலி உள்ளே போகவில்லை. வெயிலிலேயே நின்று சொல்லத் தொடங்கினான். தராசைப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டு, நோன்பிலிருந்து தொடங்கினான்.